கட்டை, ஸ்வரம், மேளகர்த்தா: எந்த ராகத்தோட ஸ்கேலையும் நீங்களே கண்டுபிடிக்கிறது எப்படி

"கல்யாணிக்கு நோட்ஸ் அனுப்புங்க, மோகனத்துக்கு நோட்ஸ் அனுப்புங்க"ன்னு கேக்குறவங்க ரொம்ப பேர். அனுப்பலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஆனா இப்படி ஒவ்வொண்ணா வாங்கி நோட்டுல எழுதி வச்சிக்கிட்டே போனா அது ஒரு நாளும் முடியாது, அதுவும் ஒருத்தர் 1 கட்டைக்கு எழுதி குடுத்தத நீங்க 5 கட்டைல பாடணும்னா மறுபடி முதல்ல இருந்து. பன்னெண்டு இடம், ஒரு சின்ன வகுத்தல் கணக்கு, இது ரெண்டும் கைக்கு வந்துட்டா 72 மேளகர்த்தாவையும் (ஏழு ஸ்வரமும் முழுசா வர்ற தாய் ராகங்க) யாரையும் கேக்காம நீங்களே வாசிச்சிடலாம். வேணுங்கறது ஒரு கீபோர்டு (போன்ல இருக்குற பியானோ ஆப் போதும்), ஒரு தம்புரா ஆப், அப்புறம் வெக்கப்படாம வாய திறந்து பாடுறது. மூணாவதுதான் பெரிய விஷயம், விரல் மட்டும் கத்துக்கிட்டா காது கத்துக்காது.

முதல்ல உங்க ஸ எங்க இருக்குன்னு பாருங்க

கர்நாடக சங்கீதத்துல ஸ-ன்னா நிரந்தரமா ஒரே சுருதின்னு கிடையாது. வெஸ்டர்ன்ல நடு சி-ன்னா எந்த ஊர்லயும் 261.63 ஹெர்ட்ஸ்தான், நம்ம ஆளுங்க அப்படி கட்டிப்போடல, பாடுறவருக்கு எந்த இடம் தோதோ அங்க ஸ-வ வச்சிக்குவார், மத்த ஸ்வரம் எல்லாம் அதுல இருந்து தூரம் பாத்து வந்து உக்காரும். அந்த ஸ எங்க இருக்குன்னு சொல்றதுக்குத்தான் "எத்தன கட்டை"ன்னு கேக்குறது.

கீபோர்டுல கருப்புக் கட்டைங்க ரெண்டு ரெண்டா, மூணு மூணா கூட்டமா இருக்கும் பாருங்க. ரெண்டு கருப்பு இருக்குற கூட்டத்துக்கு இடது பக்கம் ஒட்டி இருக்குற வெள்ளை 1 கட்டை (வெஸ்டர்ன் ஆளுங்க சி-ன்னு சொல்றது). அங்கருந்து வலது பக்கமா வெள்ளைய எண்ணிக்கிட்டே போங்க, 2, 3, 4, 5, 6, 7, அதுக்கப்புறம் மறுபடி 1. நடுவுல வர்ற கருப்பு எல்லாம் அரை, அதாவது ஒன்றரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை. மூன்றரைன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கருப்பே இல்ல. சில பேர் "நான் மூன்றரை கட்டைல பாடுவேன்"னு சொல்லுவாங்க, சிரிக்காம கேட்டுக்குங்க.

உங்க கட்டைய எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, தம்புரா ஆப்ப போட்டு ஒரு ஸ வச்சிக்கிட்டு கீழ மந்திர ஸ்தாயி (அந்த ஸ-வுக்கு கீழ இருக்குற ஏழு ஸ்வர வரிசை) பஞ்சமம், அதாவது ப, வரைக்கும் இறங்கிப் பாருங்க, மேல தார ஸ்தாயி (மேல் ஸ-வுல ஆரம்பிக்கிற வரிசை) காந்தாரம், அதாவது க, வரைக்காவது ஏறிப் பாருங்க. கீழ காத்து மட்டும் வந்தா சுருதிய ஏத்துங்க, மேல தொண்டை இறுகினா இறக்குங்க. ஆம்பளைங்களுக்கு பெரும்பாலும் 1, ஒன்றரை, 2 பக்கம் அமையும், பொம்பளைங்களுக்கு நாலரை, 5, அஞ்சரை பக்கம். டீச்சர் சுருதில நீங்க பாடித்தான் ஆகணும்னு சட்டம் இல்ல, ஆன்லைன் கிளாஸ்ல நிறைய பேர் இதனாலயே தொண்டைய கெடுத்துக்குறாங்க, கேட்டு மாத்திக்குங்க.

பன்னெண்டு இடம், பதினாறு பேர்

ஏழு ஸ்வரம் எல்லாருக்கும் தெரியும். ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். சிலப்பதிகாரத்துல இதே ஏழுக்கு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு பேர். இதுல ஸ-வும் ப-வும் அசையாது, அதுக்கு ஒரே வகைதான். ம-வுக்கு ரெண்டு வகை. ரி, க, த, நி நாலுக்கும் மும்மூணு வகை. கூட்டிப் பாத்தா 16 பேர் வரும், ஆனா கீபோர்டுல ஒரு ஸ்தாயிக்கு இருக்குறது 12 கட்டைதான், அப்ப நாலு கட்டைக்கு ரெண்டு ரெண்டு பேர்.

ஸ-வ 1 கட்டைல வச்சா இப்படி வரும்:

1 கட்டை: ஸ
ஒன்றரை: சுத்த ரிஷபம், ரி1
2: சதுச்ருதி ரிஷபம் ரி2, இதுவே சுத்த காந்தாரம் க1
ரெண்டரை: ஷட்ச்ருதி ரிஷபம் ரி3, இதுவே சாதாரண காந்தாரம் க2
3: அந்தர காந்தாரம், க3
4: சுத்த மத்யமம், ம1
நாலரை: பிரதி மத்யமம், ம2
5: பஞ்சமம்
அஞ்சரை: சுத்த தைவதம், த1
6: சதுச்ருதி தைவதம் த2, இதுவே சுத்த நிஷாதம் நி1
ஆறரை: ஷட்ச்ருதி தைவதம் த3, இதுவே கைசிகி நிஷாதம் நி2
7: காகலி நிஷாதம், நி3

ஒரே கட்டைக்கு ஏன் ரெண்டு பேர்னு எல்லாரும் இங்கதான் குழம்புவாங்க. ஒரே ஆளு உங்களுக்கு மாமா, உங்க பெரிய மாமா பொண்ணுக்கு சித்தப்பா, கூப்புடுறவங்கள பொறுத்து பேர் மாறுதில்ல, அதான். 2 கட்டைல இருக்குற சுருதிக்கு கீழ ஏற்கனவே ஒரு ரி வந்துட்டா அது க ஆயிடும், வரலன்னா அது ரி. ஏழு எழுத்தும் வரிசையா வரணும், ஒரு எழுத்து ரெண்டு தடவ வரக்கூடாதுங்கறதுக்காக பண்ணின ஏற்பாடு இது.

ஸ 1 கட்டைல இல்லாம 5 கட்டைல இருந்தா? மேல இருக்குற பட்டியல மறந்துடுங்க, எண்ணுங்க. கருப்பு வெள்ளை பாகுபாடே இல்லாம பக்கத்து பக்கத்து கட்டையா எண்ணணும். ஸ-வ பூஜ்யம்னு வச்சா ரி1 ஒண்ணு, ரி2 ரெண்டு, க2 மூணு, க3 நாலு, ம1 அஞ்சு, ம2 ஆறு, ப ஏழு, த1 எட்டு, த2 ஒம்பது, நி2 பத்து, நி3 பதினொண்ணு, மேல் ஸ பன்னெண்டு. இந்த எண்ணிக்கைய மட்டும் மனப்பாடம் பண்ணுங்க. கட்டை பேர மனப்பாடம் பண்ணாதீங்க, கீபோர்டுல டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கேன்னு எப்பவும் 1 கட்டைலயே வாசிச்சு பழகுனவங்க ஒரு ஆர்மோனியத்துக்கு முன்னாடி உக்காந்தா முழிப்பாங்க.

கைய வச்சு ஆரம்பிக்கிறது

எல்லா பாட்டு கிளாஸ்லயும் முதல் ராகம் மாயாமாளவகௌளதான், ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம்னு ஆரம்பப் பயிற்சி எல்லாம் அதுலதான். இந்த ஏற்பாட்ட பண்ணினவர்னு புரந்தரதாசர (1484–1564) சொல்லுவாங்க. ஸ ரி1 க3 ம1 ப த1 நி3. 1 கட்டைல 1, ஒன்றரை, 3, 4, 5, அஞ்சரை, 7. வாசிச்சுப் பாத்தா ஒரு விஷயம் தெரியும், ஸ-வுல இருந்து ம வரைக்கும் இருக்குற இடைவெளி ஒண்ணு, மூணு, ஒண்ணு, ப-வுல இருந்து மேல் ஸ வரைக்கும் அதே ஒண்ணு, மூணு, ஒண்ணு. அதாவது முதல் பாதிய, பூர்வாங்கத்த, ஒழுங்கா பாடிட்டா பின் பாதி உத்தராங்கம் அதே அச்சு, கொஞ்சம் மேல. புதுசா கத்துக்குற காதுக்கு இது பெரிய உதவி.

தம்புராவோட பாடும்போது அவசரப்பட்டு ஏழையும் பாடாதீங்க. முதல்ல ஸ மட்டும், தம்புரா சத்தத்துல உங்க சத்தம் கரைஞ்சு "நம்ம பாடுறமா இல்லயா"ன்னு சந்தேகம் வர்ற வரைக்கும். அப்புறம் ஸ ப, ஸ ப ஸ் (புள்ளி வச்ச ஸ்-னா மேல் ஸ). அப்புறம்தான் நடுவுல இருக்குறதுங்க. ரி1 பாடும்போது ஸ-வுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறதால நிறைய பேர் அத மேல தூக்கிடுவாங்க, கீபோர்டுல ஒன்றரைய அழுத்தி சரி பாத்துக்குங்க.

ஆனா க3-க்கு கீபோர்ட முழுசா நம்பாதீங்க. நல்ல தம்புராவுல மந்திர ஸ கம்பிய மீட்டிட்டு சும்மா கேட்டீங்கன்னா உள்ளருந்து மெல்லிசா அந்தர காந்தாரம் தானா ஒலிக்கும், யாரும் அத மீட்டல, அந்த கம்பியோட அஞ்சாவது ஹார்மானிக் (கம்பி சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குற மேல் ஒலி) அது. கீபோர்டுல இருக்குற 3 கட்டை அதவிட கொஞ்சூண்டு தூக்கலா இருக்கும், கிட்டத்தட்ட 14 சென்ட் (பக்கத்து பக்கத்து ரெண்டு கட்டைக்கு இடைவெளி 100 சென்ட்), ஏன்னா கீபோர்டுல ஸ்தாயிய 12 சமமான துண்டா வெட்டி வச்சிருக்காங்க. இடம் தெரிஞ்சிக்க கீபோர்டு, சுருதி சேர தம்புரா, அப்படி வச்சிக்குங்க.

நொட்டேஷன் புத்தகம் வாங்கினா எழுத்துக்கு மேல புள்ளி இருந்தா தார ஸ்தாயி, கீழ புள்ளி இருந்தா மந்திர ஸ்தாயி, கமா ஒரு அட்சரம் நீட்டு, அரைப்புள்ளி ரெண்டு அட்சரம் நீட்டு. போதும் இப்போதைக்கு.

வெள்ளைக் கட்டை, கருப்புக் கட்டை விளையாட்டு

இது எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்து பண்ணிப் பாருங்க.

வெள்ளைக் கட்டைய மட்டும் 1-ல இருந்து 1 வரைக்கும் வாசிச்சா சங்கராபரணம். அதே வெள்ளைய 2 கட்டைல ஆரம்பிச்சு 2-ல முடிங்க, அதாவது 2 கட்டைய ஸ-ன்னு நெனச்சுக்குங்க, கரஹரப்ரியா வந்துடும். 3-ல ஆரம்பிச்சா தோடி. 4-ல கல்யாணி. 5-ல ஹரிகாம்போஜி. 6-ல நடபைரவி. 7-ல ஆரம்பிச்சா மட்டும் சிக்கல், அங்க பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்துல வெள்ளையே கிடையாது, ரெண்டு மத்யமமும் வரும், ப வராது, அதனால அது மேளகர்த்தா ஆகாது. ஒரு கருப்பக்கூட தொடாம ஆறு பெரிய ராகத்தோட ஸ்கேல வாசிச்சாச்சு. இதுக்குப் பேரு கிரக பேதம்.

இப்ப கருப்பு மட்டும். அஞ்சு கருப்புதான் இருக்கு, அப்ப வர்றது எல்லாம் அஞ்சு ஸ்வர ராகம், ஔடவம்னு சொல்லுவாங்க. நாலரைய ஸ-ன்னு வச்சா மோகனம். அஞ்சரைய வச்சா மத்யமாவதி. ஆறரைல ஹிந்தோளம். ஒன்றரைல சுத்த சாவேரி. ரெண்டரைல சுத்த தன்யாசி. நம்பிக்கை இல்லன்னா எண்ணிப் பாருங்க, ஆறரைல இருந்து அடுத்த கருப்பு ஒன்றரை, மூணு தள்ளி, அது க2, அப்புறம் ரெண்டரை, அஞ்சு தள்ளி, ம1, நாலரை எட்டு தள்ளி, த1, அஞ்சரை பத்து தள்ளி, நி2. ஸ க2 ம1 த1 நி2, ஹிந்தோளமேதான்.

இத பண்ணும்போது பின்னாடி தம்புரா கண்டிப்பா ஓடணும், ஒவ்வொரு தடவையும் தம்புரா சுருதிய நீங்க ஸ-ன்னு எடுத்துக்கிட்ட கட்டைக்கு மாத்தணும். மாத்தலன்னா உங்க காது பழைய ஸ-வையே புடிச்சிக்கிட்டு தொங்கும், அப்ப ஹிந்தோளம்னு நெனச்சு வாசிக்கிறது மோகனமாவே கேக்கும்.

இது ஏதோ கீபோர்டு வந்தப்புறம் கண்டுபிடிச்ச வித்தைன்னு நெனச்சிடாதீங்க. பண்ணுப்பெயர்த்தல்னு இளங்கோவடிகள் காலத்துலயே இருந்த சமாச்சாரம். செம்பாலைல இருந்து குரல (அதாவது ஸ-வ) மாத்தி மாத்தி வச்சு ஏழு பாலை (பழந்தமிழ் ஸ்கேல்) பிறக்கும், செம்பாலைய அரிகாம்போதின்னு (ஹரிகாம்போஜிதான்) எடுத்துக்கிட்டா மத்த ஆறுல அஞ்சு மேல சொன்ன வெள்ளைக்கட்டை ராகங்கதான், படுமலைப்பாலை நடபைரவி, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரஹரப்ரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917ல வெளியிட்ட கருணாமிர்த சாகரத்துல இந்த பாலை கணக்கெல்லாம் பக்கம் பக்கமா அலசியிருப்பார்.

72-ஐயும் கணக்கு போட்டு எடுக்குறது

17-ம் நூற்றாண்டுல தஞ்சாவூர் நாயக்கர் காலத்துல வேங்கடமகி போட்ட திட்டம் இது. ஏழு ஸ்வரமும் முழுசா வரணும், ஸ-வும் ப-வும் நிலையா நிக்கணும். ம-வுக்கு ரெண்டு சாய்ஸ். ரி க ஜோடிக்கு எத்தன சாய்ஸ்? மூணுக்கு மூணு ஒம்பதுன்னு தோணும், ஆனா ரி எப்பவும் க-வுக்கு கீழதான் இருக்கணும், அதனால ரி2-வோட க1, ரி3-யோட க1, ரி3-யோட க2 மூணும் அடிபட்டுப் போச்சு, மிச்சம் ஆறு. த நி-க்கும் அதே ஆறு. ஆறு இன்டு ஆறு இன்டு ரெண்டு, 72. இதுல பக்தி, ரகசியம் எதுவும் இல்ல, சுத்தமான கணக்கு.

நம்பர் ஞாபகம் வச்சிக்க கஷ்டமா இருந்தா பழைய வாத்தியார் வழி இருக்கு. மூணு ரிஷபத்துக்கு ர, ரி, ரு. காந்தாரத்துக்கு க, கி, கு. மத்யமத்துக்கு ம, மி. தைவதத்துக்கு த, தி, து. நிஷாதத்துக்கு ந, நி, நு. இப்ப ஆறு ஜோடிய பாட்டு மாதிரி சொல்லுங்க, ரக, ரகி, ரகு, ரிகி, ரிகு, ருகு. பின்னாடி, தந, தநி, தநு, திநி, திநு, துநு. ரெண்டு நாள் குளிக்கும்போது சொல்லிட்டிருந்தீங்கன்னா ஒட்டிக்கும்.

இனி எந்த மேள நம்பர் குடுத்தாலும் செய்யுறது இதுதான். நம்பர் 36 வரைக்கும்னா ம (சுத்த மத்யமம்). 36-க்கு மேலன்னா மி (பிரதி மத்யமம்), 36-ஐ கழிச்சிடுங்க. வந்த நம்பர்ல ஒண்ணு கழிச்சு ஆறால வகுங்க. ஈவு பூஜ்யம்னா முதல் ரி க ஜோடி, ஒண்ணுன்னா ரெண்டாவது, இப்படியே. மீதி பூஜ்யம்னா முதல் த நி ஜோடி, ஒண்ணுன்னா ரெண்டாவது.

போட்டுப் பாப்போம். 59, தர்மவதி. 36-க்கு மேல, அதனால மி. 59ல 36 போனா 23. ஒண்ணு கழிச்சா 22. ஆறால வகுத்தா ஈவு மூணு, மீதி நாலு. ஈவு மூணுன்னா நாலாவது ஜோடி, ரிகி. மீதி நாலுன்னா அஞ்சாவது ஜோடி, திநு. ஆக ஸ ரி கி மி ப தி நு, அதாவது ரி2 க2 ம2 ப த2 நி3. 1 கட்டைல 1, 2, ரெண்டரை, நாலரை, 5, 6, 7. வாசிச்சுப் பாருங்க, ஒரு மாதிரி ஏக்கமா, சினிமா பேக்ரவுண்ட் மியூசிக்ல அடிக்கடி கேட்ட மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, 15. ஒண்ணு கழிச்சு 14, ஈவு ரெண்டு, மீதி ரெண்டு. ரகு, தநு. நம்ம மாயாமாளவகௌள. இதோட 36-ஐ கூட்டுனா 51, ம-வ மட்டும் மி ஆக்குனா போதும், பந்துவராளி. அதே மாதிரி 29 சங்கராபரணம், 65 கல்யாணி. 20 நடபைரவி, 56 ஷண்முகப்ரியா. 21 கீரவாணி, 57 சிம்மேந்திரமத்யமம். ஒரே ஒரு கட்டைய தள்ளினா ராகத்தோட முகமே மாறுறத கேக்கறதுக்கு இந்த ஜோடிங்களவிட நல்ல பயிற்சி இல்ல, கீரவாணிய வாசிச்ச கையோட ம-வ மட்டும் ஏத்தி சிம்மேந்திரமத்யமத்த வாசிங்க.

ராகத்தோட பேர்லருந்தே நம்பர எடுக்குற கடபயாதின்னு ஒரு முறை இருக்கு, பேரோட முதல் ரெண்டு எழுத்துக்கு நம்பர் போட்டு திருப்பினா மேள நம்பர். மாயா-வுல மா 5, யா 1, திருப்பினா 15. தீரசங்கராபரணத்துல (சங்கராபரணத்தோட முழு மேளப் பேர்) தீ 9, ர 2, திருப்பினா 29. ஹனுமதோடில (தோடியோட முழு மேளப் பேர்) ஹ 8, ன 0, திருப்பினா 08. சூப்பரா இருக்கும், ஆனா தமிழ்ல எழுதி பாத்து போட முடியாது, கிரந்த எழுத்துலயோ தெலுங்கு, தேவநாகரிலயோ நாலு விதமான க இருக்கு, 1, 2, 3, 4, நம்ம எழுத்துல எல்லாமே ஒரே க. கரஹரப்ரியால வர்ற முதல் க ரெண்டாவது க, அதனாலதான் அது 22. தமிழ் க-ன்னு நெனச்சு 1 போட்டா 21, கீரவாணில போய் நிக்கும். அதனால வகுத்தல் கணக்கே நமக்கு சேஃப்டி.

ஒரு விஷயம், முதல் ஜோடியும் கடைசி ஜோடியும் (ரக, ருகு, தந, துநு) வர்ற மேளம் எல்லாம் விவாதி மேளம். 72ல 40 இந்த வகை. ரெண்டு ஸ்வரம் ஒட்டி ஒட்டி இருக்கறதால பாட கஷ்டம், தோஷம்னு சொல்லி ஒதுக்கி வச்சவங்களும் உண்டு. எனக்கு இந்த தோஷக் கதைல நம்பிக்கை இல்ல. கோடீஸ்வர ஐயர் 72 மேளத்துலயும் தமிழ்லயே முருகன் மேல கீர்த்தனை பண்ணி வச்சிருக்கார், விவாதி எப்படி அழகா வரும்னு தெரியணும்னா அதெல்லாம் தேடிக் கேளுங்க. ஆரம்பத்துல 36, சலநாட்டைய தொட்டுப் பாருங்க, அதோட குழந்தையான நாட்டைலதான் பாதி கச்சேரி ஆரம்பிக்குது.

ஜன்யம்னா மேலயும் கீழயும் தனித்தனியா எழுதுங்க

மேளகர்த்தால இருந்து பிறந்த ராகம் ஜன்யம். இங்க ஸ்கேல்னு ஒண்ணு எழுதினா பத்தாது, ஏறும்போது ஆரோகணம், இறங்கும்போது அவரோகணம், ரெண்டையும் எழுதணும், ரெண்டும் வேற வேறயா இருக்கலாம். பிலஹரிய பாருங்க, ஏறும்போது ஸ ரி2 க3 ப த2 ஸ், அச்சு அசல் மோகனம், இறங்கும்போது ஸ் நி3 த2 ப ம1 க3 ரி2 ஸ, முழு சங்கராபரணம். முதல் கீதம் கத்துக்குற மலஹரில ஏறும்போது ஸ ரி1 ம1 ப த1 ஸ், க கிடையாது, இறங்கும்போது ஸ் த1 ப ம1 க3 ரி1 ஸ, க எட்டிப் பாக்கும், நி ரெண்டு பக்கமும் கிடையாது.

இதுல சில ராகம் வளைஞ்சு வளைஞ்சு போகும், வக்ரம்னு பேரு, ஆனந்தபைரவி ஏறும்போது ஸ க2 ரி2 க2 ம1 ப த2 ப ஸ்-னு போகும், நேரா ஏணி மாதிரி ஏறினா அது ஆனந்தபைரவி இல்ல. பைரவில ரெண்டு தைவதமும் வரும், ஏறும்போது த2, இறங்கும்போது த1. இந்த மாதிரி ராகத்த எல்லாம் ஸ்கேலா யோசிக்காம சின்னச் சின்ன பிரயோகமா, துண்டு துண்டா, பாடிப் பழகுறதுதான் வழி.

கேட்ட பாட்டு என்ன ராகம்னு தேடுறது

முதல் வேலை ஸ-வ புடிக்கிறது, மத்ததெல்லாம் அப்புறம். கச்சேரின்னா தம்புராவே சொல்லிடும். சினிமா பாட்டுன்னா பல்லவி எங்க வந்து நிம்மதியா உக்காருதுன்னு கவனிங்க, பாட்ட பாஸ் பண்ணிட்டு வாய்க்கு வர்ற சுருதிய "ம்ம்ம்"னு இழுங்க, முக்கால்வாசி நேரம் அது ஸ-வோ ப-வோவாத்தான் இருக்கும். அத கீபோர்டுல தேடிப் புடிங்க.

அடுத்தது பாட்டுல வர்ற சுருதிய ஒவ்வொண்ணா தடவி எடுத்து கட்டைய எழுதுங்க. உதாரணமா ஸ 5 கட்டைல, வர்ற கட்டை எல்லாம் 5, 6, 7, 2, நாலரைன்னு வச்சிக்குவோம். ஸ-வுல இருந்து எண்ணுனா பூஜ்யம், ரெண்டு, நாலு, ஏழு, பதினொண்ணு. ஸ ரி2 க3 ப நி3. ம-வும் த-வும் இல்ல. ஹம்ஸத்வனி, முத்துசுவாமி தீட்சிதரோட அப்பா ராமசுவாமி தீட்சிதர் உருவாக்குனதுன்னு சொல்ற ராகம், கச்சேரி ஆரம்பத்துல கேக்குற வாதாபி கணபதிம் இதுதான். இதுல நி3 இருந்த இடத்துல த2 வந்திருந்தா மோகனம், அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு கட்டை இல்ல ரெண்டு கட்டை தள்ளி.

ஏழு ஸ்வரமும் வந்தா முதல்ல ம-வ பாருங்க, 72ல பாதி அங்கயே போயிடும். அப்புறம் க. அப்புறம் நி. ரி, த கடைசில. ஏன்னா ம, க, நி-லதான் காது சீக்கிரம் வித்தியாசம் கண்டுபிடிக்கும். வரிசை கிடைச்சதும் வகுத்தல் கணக்க தலைகீழா போடலாம், ரி க ஜோடி எத்தனாவதுன்னு பாத்து அதுல ஒண்ணு கழிச்சு ஆறால பெருக்கி, த நி ஜோடி எத்தனாவதோ அத கூட்டுங்க, மி-ன்னா இன்னொரு 36. ரிகு, திநி, ம-ன்னா நாலு இன்டு ஆறு 24, கூட நாலு, 28, ஹரிகாம்போஜி.

சினிமா பாட்டுல நடுவுல வேற ஸ்வரம் ஒண்ணு ரெண்டு வந்துட்டு போகும், இசையமைப்பாளர் ராகத்துக்கு கட்டுப்படணும்னு எந்த அவசியமும் இல்ல, அதுக்காக "இது மோகனமே இல்ல"ன்னு கமெண்ட்ல சண்டை போட வேணாம்.

ஸ்கேல் வந்துடுச்சு, ராகம் வரல, ஏன்?

ஸ்கேல கரெக்டா வாசிக்கிறீங்க, வீட்ல யாரும் "அட தோடி"ன்னு சொல்ல மாட்டேங்குறாங்க. காரணம் கமகம், அதாவது ஸ்வரத்த அசைச்சு, வழுக்கிப் பாடுறது. தோடிக்கு 1, ஒன்றரை, ரெண்டரை, 4, 5, அஞ்சரை, ஆறரைன்னு ஒவ்வொரு கட்டையா அழுத்துங்க, ஏதோ ஸ்பானிஷ் கிடார் மாதிரிதான் இருக்கும். ரெண்டரைல இருக்குற காந்தாரம் பாடும்போது அங்க நிக்கவே நிக்காது, ரி-க்கு பக்கத்துல இருந்து ம வரைக்கும் போய் போய் வரும், அந்த ஆட்டத்தோட மொத்த சத்தத்துக்குத்தான் தோடி காந்தாரம்னு பேரு. மாயாமாளவகௌளல ரி-யும் த-வும் லேசா அசையும், க-வும் நி-யும் கிட்டத்தட்ட நிலையா நிக்கும், அதனாலயும் அது புதுசா கத்துக்கறவங்களுக்கு தோது.

கட்டை வச்ச வாத்தியத்துல இந்த வழுக்கல் வராதுங்கறதுதான் ஆர்மோனியத்து மேல இருந்த பெரிய குறை, 1940ல ஆல் இந்தியா ரேடியோ அதுக்கு தடையே போட்டுச்சு, பல வருஷம் இருந்துச்சு அந்த தடை. இப்ப கீபோர்டுல பிட்ச் பெண்ட் சக்கரத்த வச்சு கச்சேரியே பண்றாங்க, ஆனா அது பல வருஷ சாதகம், முதல் வருஷத்துல அந்த சக்கரத்த தொடாதீங்க, வாய்ல கமகம் வராம விரல்ல வராது.

ஸ்கேல் மட்டும் பத்தாதுங்கறதுக்கு ஆரபியும் தேவகாந்தாரியும் போதும். ரெண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி2 ம1 ப த2 ஸ், அவரோகணம் ஸ் நி3 த2 ப ம1 க3 ரி2 ஸ, ஒரு எழுத்து மாத்தம் இல்ல. ஆரபி துள்ளிக்கிட்டு ஓடும், க-வையும் நி-யையும் நீட்டாம தொட்டுட்டு இறங்கிடும். தேவகாந்தாரி நிதானமா, நீட்டி, அசைச்சு அசைச்சு போகும். பேப்பர்ல வச்சு இத பிரிக்கவே முடியாது. தலா ஒரு கீர்த்தனைய ஒரு வாரம் மாத்தி மாத்தி கேளுங்க, பிரிஞ்சிடும். தோடிக்கு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட நாதஸ்வரம், வேற சிபாரிசே இல்ல. கல்பனா ஸ்வரம் (அந்த நேரத்துலயே கற்பனையா பாடுற ஸ்வரம்) எப்படி விழணும்னு கேக்க மதுரை மணி ஐயர்.

யூடியூப்ல தேடும்போது ஒண்ணு பாத்துக்குங்க, ஹிந்துஸ்தானில பேர் மாறும். கல்யாணி அங்க யமன், மோகனம் பூப், ஹிந்தோளம் மால்கௌன்ஸ், சங்கராபரணத்தோட ஸ்கேலுக்கு பிலாவல். இதெல்லாம் ஸ்கேல் ஒத்துப்போகும், பாடுற தினுசு வேற. தோடிலதான் ஏமாறுவீங்க, அவங்க தோடியோட ஸ்கேல் நம்ம 45-வது மேளம் சுபபந்துவராளி, நம்ம தோடியோட ஸ்கேலுக்கு அவங்க பைரவிம்பாங்க, நம்ம பைரவி இது ரெண்டுலயும் சேராது. அதனால வீடியோவ போட்டதும் பேர பாக்காம முதல் ஆலாபனைல க எங்க விழுது, ம எங்க விழுதுன்னு எண்ணிட்டு அப்புறம் பிராக்டிஸுக்கு எடுத்துக்குங்க.